தங்கமான மனிதர் என்று எனக்கு நானே எழுதிய கமெண்ட்

என்னைத் 'தங்கமான மனிதர்' என்று இணையத்தில் முதன்முதலாகச் சொன்னவன் நான்தான். வேறு யாரோ சொன்ன மாதிரி இருக்கட்டும் என்று 'உண்மை விரும்பி' என்ற பெயரில் ஒரு கள்ளக் கணக்கு ஆரம்பித்தேன். அதற்குப் படமாக ஒரு செம்பருத்திப் பூவை வைத்தேன். பிறகு நிதானமாகத் தட்டினேன்: "இந்த அண்ணனை எனக்கு நேரில் தெரியும். தங்கமான மனிதர். தெரியாமல் பேசாதீர்கள்." அனுப்பிய பிறகுதான் பார்த்தேன், கணக்கை மாற்ற மறந்திருக்கிறேன். எங்கள் கடையின் பெயரில், என் சிரித்த முகத்தோடு, அந்த வாக்குமூலம் பளிச்சென்று நின்றது. அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் கூரியர் ஆபீஸுக்குள் நுழைந்தால் "வாங்க தங்கம்" என்றுதான் வரவேற்பு.

இணையத்தில் கடை போடப் போகிறேன், முகத்தைக் காட்டலாமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டு இப்போது என்னிடம் சிலர் வருகிறார்கள். இப்படிப்பட்டவனிடம் யோசனை கேட்க வருகிறார்களே என்று முதலில் அவர்களுக்காகக் கவலைப்படுவேன். பிறகு இந்தக் கதையைச் சொல்லுவேன். வாயால் சொன்னால் நீட்டிவிடுகிறேன் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

1. கடையும் கண்டிஷனும்

மிக்சி, கிரைண்டர் கம்பெனி ஒன்றில் சேல்ஸ் ஆளாகப் பல வருஷம் ஓடியவன் நான். கடைக்காரர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் விடாமல் பேசுவேன். பாதிப் பேர் என்னை வெளியே அனுப்புவதற்காகவே ஆர்டர் போட்டார்கள். கம்பெனி எங்கள் கிளையை மூடியபோது என்னிடம் மிச்சம் இருந்தது வாய் ஒன்றுதான். என் அக்காவிடம் இருந்தது புளிக்காய்ச்சல். இரண்டையும் சேர்த்தால் ஒரு கடை ஆகும் என்று தோன்றியது.

அக்காவை இங்கே லலிதா என்று சொல்கிறேன். அது அவள் பெயர் இல்லை. இதை எழுத அவளிடம் அனுமதி வாங்கியபோது அவள் போட்ட முதல் நிபந்தனையே அதுதான். ஸ்கூலில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிப் பக்கம் தனியாக இருக்கிறாள். நான் புத்தூரில்.

கடை யோசனையைச் சொன்னபோது அவள் சொன்னது இவ்வளவுதான்: "நான் கிளறித் தரேன். நீ பேசி வித்துக்கோ. ஆனா ஒண்ணு, என் மூஞ்சி, என் பேர், என் ஆத்து வாசல், எதுவும் அதுல வரப்படாது. ஒன்னை நாலு பேருக்குத் தெரியணும்னு ஒனக்கு ஆசை. எனக்கு அந்த ஆசை கெடையாது."

சரி என்றேன். எடமலைப்பட்டி புதூரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். அதே ஏரியாவைச் சேர்ந்த ஸ்டெல்லா பேக்கிங் பொறுப்புக்கு வந்தாள், அவளோடு இன்னும் மூன்று பெண்கள். ஒரு தட்டுச் சாதத்துக்கு ரெண்டு கரண்டி போதும் என்பதால் கடைக்கு 'ரெண்டு கரண்டி' என்றே பெயர் வைத்தோம். அக்கா ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, புளிக்காய்ச்சல் கிளறி இறக்கிவிட்டு, மத்தியானம் கிளம்பிவிடுவாள். நான் ஃபோனுக்கு முன்னால் நின்று 'ஸ்ரீரங்கத்துப் புளிக்காய்ச்சல்' என்று பேசுவேன்.

பேசினால் விற்றது. கொஞ்சம் கொஞ்சமாக என் முகமும் விற்றது. ஒருநாள் மன்னார்புரம் சிக்னலில் நிற்கிறேன். பக்கத்து வண்டியில் இருந்தவர் ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டுக் கேட்டார்: "சார், நீங்க அந்தப் புளியோதரைதானே?"

"ஆமாங்க, நான்தான் அந்தப் புளியோதரை" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக வேறு எதையும் ஒப்புக்கொண்டதில்லை.

2. ஸ்கெட்யூல்

எங்கள் வேலை முறையைச் சொல்ல வேண்டும். தினமும் ரீல் எடுக்க முடியாது. மாதத்தில் ஒருநாள் உட்கார்ந்து, சட்டையை மட்டும் மாற்றி மாற்றி, மொத்தமாக எடுத்துவிடுவேன். பிறகு ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு ஸ்கெட்யூல் செய்துவிட்டால் அது பாட்டுக்குத் தானாகப் போய்க்கொண்டிருக்கும். இதற்கு ஃபோனில் இருக்கும் காலண்டரைத்தான் பார்ப்பேன். அக்கா வீட்டுச் சுவரில் ஏகாதசி, துவாதசி, திருநட்சத்திரம் எல்லாம் போட்ட காலண்டர் தொங்குகிறது. என் ஃபோனுக்குத் தெரிந்தது ஞாயிறு ஒன்றுதான். ஞாயிறென்றால் ருசி பார்க்கிற ரீல்.

அந்த மார்கழி ஞாயிறு எது என்று ஸ்ரீரங்கத்தில் பால்வாடிக் குழந்தைக்குக்கூடத் தெரியும். வைகுண்ட ஏகாதசி. ஊரே அரிசி தொடாத நாள். அந்த விடியற்காலையில், சொர்க்கவாசல் திறக்கிற நேரத்துக்குச் சரியாக, என் ரீல் வெளியே வந்தது. அதில் நான் ஒரு தட்டு நிறையப் புளியோதரையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, வாய் நிறைய அடைத்துக்கொண்டு சொல்கிறேன்: "இந்த வாசனை வந்துடுச்சுன்னா எந்த விரதமும் நிக்காதுங்க!"

அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்றால், அக்காவோடு கோயில் க்யூவில். நான் ரவா உப்புமாவோடு ஏகாதசி இருக்கிற கட்சி. அக்கா துளசித் தீர்த்தத்தோடு இருக்கிற கட்சி. கோயிலுக்குள் ஃபோன் கொண்டுபோக முடியாது என்பதால் அதை அவள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். சேவித்துவிட்டுத் திரும்பி வந்து எடுத்தால், ஃபோன் சுடுகிறது. நோட்டிஃபிகேஷன் மேல் நோட்டிஃபிகேஷன்.

"அக்கா! நம்ம ரீல் வைரல்!" என்று கத்தினேன்.

அவள் வாங்கி முழுசாகப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள். "வரது, இன்னிக்கு என்ன நாள்?"

"ஞாயித்துக்கிழமை" என்றேன். சொர்க்கவாசல் வழியாக வந்த காலைக்கூட இன்னும் கழுவவில்லை.

3. விளக்கத் திருவிழா

கமெண்டுகளைப் படித்தேன். "ஸ்ரீரங்கம் பேரைச் சொல்லி விக்கறவன் ஏகாதசியில சாதத்தைத் தின்னு காட்டறான்." "அண்ணனுக்கு விரதம் முடிக்கிற பாரணைச் சாப்பாடு நேத்தே முடிஞ்சிடுச்சு போல." எல்லாரிலும் காட்டமாக எழுதியவர் 'அடியேன் அரங்கன்' என்ற பெயரில் இருந்தார். அவர் எழுதியது கமெண்ட் இல்லை, கட்டுரை. (அ), (ஆ), (இ) என்று பிரித்துப் போட்டு, கடைசியில் "கலி முற்றிவிட்டது" என்று முடித்திருந்தார்.

இங்கே என் சேல்ஸ் புத்தி வேலை செய்தது. கடைக்காரர் வேண்டாம் என்றால் இன்னும் பேசு! ஒருவர் விடாமல் பதில் போட்டேன். "இது போன மாசமே எடுத்த வீடியோங்க." உடனே ஒருவர் கேட்டார்: "அப்போ பழசைப் புதுசுன்னு சொல்லிப் போடறீங்களா? பாட்டிலும் அப்படித்தானா?" ஏகாதசியில் ஆரம்பித்தது எக்ஸ்பைரி தேதிக்கு வந்துவிட்டது. பாட்டில் எல்லாம் புதுசு என்று அதற்கு ஒரு விளக்கம். "புதுசா? அப்ப ஏகாதசியன்னிக்கும் சமைச்சீங்களா?" என்று அடுத்தவர். அன்றைக்குக் கடைக்கு லீவு, அடுப்பே பற்றவைக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது நான் நான்காவது விளக்கத்தில் இருந்தேன், யாரும் படிக்கிற நிலையில் இல்லை.

தங்கமான மனிதர் வந்தது இதற்கு அடுத்தபடி. அதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன், திரும்பச் சொல்ல வைக்காதீர்கள்.

மறுநாள் மன்னிப்பு வீடியோ எடுத்தேன். வெள்ளை வேட்டி, ரிங் லைட், பின்னால் பெருமாள் படம். ஸ்டெல்லா ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே பார்த்தாள்.

"சார், எங்க சர்ச்சுல பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்றப்ப ஒரு திரை போட்டிருக்கும். ஃபாதருக்குக்கூட நம்ம மூஞ்சி தெரியாது. நீங்க என்னன்னா லைட்டு போடறீங்க."

"இது பிராண்ட், ஸ்டெல்லா. மூஞ்சி தெரியணும்."

"தெரிஞ்சதுதான் சார் இப்ப பிரச்சினையே."

நான் கேட்கவில்லை. பக்தியாகத் தெரிய வேண்டும் என்று நெற்றியில் திருமண், அதாவது நாமம், இட்டுக்கொண்டேன். கல்யாணம், காரியம் தவிர நான் இட்டுக்கொள்வதில்லை. அப்போதும் வேறு யாராவதுதான் இட்டுவிடுவார்கள். அவசரத்தில் கீழே மூக்கில் இறங்குகிற பாதத்தை வைக்காமல் விட்டுவிட்டேன். எங்களுடையது தென்கலை, அதற்குப் பாதம் வேண்டும். பாதம் இல்லையென்றால் அது வேறு கலை. இது விளையாட்டு விஷயம் இல்லை என்று தென்கலை, வடகலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்த வீடியோவின் கீழே ஏகாதசியை எல்லாரும் மறந்துவிட்டார்கள். என் நெற்றியை நிறுத்தி, பெரிதாக்கி, வட்டம் போட்டு அனுப்பினார்கள். இரண்டு கட்சியாகப் பிரிந்து, பல தலைமுறைச் சண்டையை என் மன்னிப்பின் கீழே நடத்தினார்கள். 'அடியேன் அரங்கன்' அன்றைக்கு (எ) வரை போனார். நான் போட்டதிலேயே அதிக ரீச் போன வீடியோ அதுதான்.

இதுவரை சிரிப்புதான். கேன்சல் ஆன ஆர்டர்கள் கொஞ்சம் இருந்தன, ஆனால் அதைத் தாங்கியிருக்கலாம்.

4. அந்தப் படம்

சிரிப்பில்லாததை நான் அடுத்த நாள் செய்தேன். நான் சொன்னால்தானே நம்ப மாட்டேன் என்கிறார்கள், நம்புகிற மாதிரி ஓர் ஆளைக் காட்டுவோம் என்று நினைத்தேன். ஒரு கல்யாணத்தில் எடுத்த அக்காவின் படம் ஃபோனில் இருந்தது. பட்டுப்புடவையில், வாய்விட்டுச் சிரிக்கிற படம். அதைப் போட்டு எழுதினேன்: "எங்கள் புளிக்காய்ச்சலைச் செய்பவர் என் அக்கா. ஏகாதசியில் துளசித் தீர்த்தம் தவிர எதுவும் தொடாதவர்." பெயரையும் போட்டேன்.

அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்பாள், அதனால்தான் கேட்கவில்லை.

'அடியேன் அரங்கன்' தன் பக்கத்திலும் போட்டிருந்த கட்டுரையின் கீழே யாரோ ஒருவர் அந்தப் படத்தை எடுத்துப் போட்டு எழுதியிருந்தார்: "இந்த உடம்புக்கு உபவாசமா? நம்பிட்டோம் மாமி." அதற்குச் சிரிப்பு முகங்கள் வரிசையாக. நான் என் பக்கத்தில் படத்தை அழித்தேன். அது அவர்கள் பக்கத்தில் இருந்தது.

அக்காவோடு தினமும் காலையில் கோயிலுக்குப் போகிற நான்கைந்து பெண்கள் உண்டு. அவர்களில் ஒருத்தி ஃபோனை நீட்டி, "லலிதா, இது நீதானே?" என்று கேட்டிருக்கிறாள்.

அக்கா என்னைத் திட்டவில்லை. என்னைக் கூப்பிடவே இல்லை. ஸ்டெல்லாவுக்கு ஃபோன் செய்து, "நான் இனிமே வரல்லைம்மா. பெருங்காய டப்பாவை நன்னா மூடி வை, வாசனை போயிடும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஸ்டெல்லா என்னிடம் வந்து நின்றாள். "சார், ஆர்டர் கேன்சல் ஆனா திரும்பி வரும். அம்மா கேன்சல் ஆனா என்ன சார் பண்றது? நாங்க நாலு பேரும் வெறும் பாட்டிலுக்கா ஸ்டிக்கர் ஒட்டறது?"

அன்று மாலையே ஸ்ரீரங்கம் போனேன். அக்கா கதவைத் திறந்தாள், காபி கொடுத்தாள். தண்ணி சரியாக வரவில்லை, பக்கத்து வீட்டில் ஏதோ மராமத்து என்றெல்லாம் பேசினாள். நான்தான் பொறுக்க முடியாமல் ஆரம்பித்தேன்.

"அக்கா, தப்புதான். ஆனா இப்ப நீயே வந்து ஒரே ஒரு வீடியோ பேசினேன்னு வெச்சுக்கோ..."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "நான் பட்டினி கெடக்கறேனா திங்கறேனான்னு பெருமாளுக்கும் எனக்கும்தான் தெரிஞ்சிருந்தது. அதை நீ ஊருக்குச் சாட்சி சொன்னே. இப்ப தெருவுல வரவா என் வயித்தைப் பார்த்துட்டுதான் மூஞ்சியைப் பார்க்கறா. நீ பேசி விக்கறவன்டா, ஒனக்கு எல்லாமே சரக்கு. என்னையும் எடுத்து ஷெல்ஃப்ல வெச்சுட்டே."

எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு ஜோக் இருக்கும். அன்றைக்கும் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. காபியோடு சேர்த்து விழுங்கினேன்.

5. அடியேன் அரங்கன்

அந்தக் கமெண்டையாவது எடுக்க வைக்க வேண்டும் என்று தோன்றியது. 'அடியேன் அரங்கன்' வைத்திருந்த படத்தில் ஒரு பழைய நீல ஸ்கூட்டர் இருந்தது. பக்கத்தில் துளசி மாடம். அந்த ஸ்கூட்டரை எனக்குத் தெரியும். அக்கா வீட்டிலிருந்து அடுத்த வீதியில் நிற்கும். பலமுறை அதை உரசிக்கொண்டு போயிருக்கிறேன். மறுநாள் காலையில் அங்கே போய்க் கதவைத் தட்டினேன்.

பேங்கில் இருந்து ரிட்டயர் ஆன மாமா ஒருவர் வந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. சண்டைக்கு நான் தயார். அவர் முகம் மலர்ந்தது.

"அடடே, ரெண்டு கரண்டி! வாங்கோ, வாங்கோ. உள்ள வாங்கோ. காபி சாப்பிடறேளா?"

"மாமா, நீங்கதானே என்னைக் கலி முற்றினதுக்கு உதாரணம்னு எழுதினேள்?"

"அது கமெண்ட்! நீங்க ஆத்துக்கு வந்திருக்கேள். உக்காருங்கோ." உள்ளே திரும்பி, "யாரு வந்திருக்கா பாரு" என்று குரல் கொடுத்தார். பிறகு என் நெற்றியை ஒருதடவை உற்றுப் பார்த்தார். அன்றைக்கு அது காலியாக இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஃபோனை எடுத்து அவர் கட்டுரையின் கீழே இருந்த அந்தக் கமெண்டைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "இது நான் எழுதினது இல்லையே."

"உங்க கட்டுரைக்குக் கீழதான் இருக்கு. படத்தைப் பாருங்கோ."

பார்த்தார். அவர் முகம் மாறியது. "இது நம்ம லலிதா இல்லையோ? எங்காத்துப் பொண்ணுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவளாச்சே! அவ உங்க அக்காவா?" ஃபோனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "நான் கீழ யார் என்ன எழுதறான்னு பார்க்கறதே இல்லை ஓய். எத்தனை லைக்குன்னுதான் பார்ப்பேன்."

இதை அவர் சொன்னபோது எனக்கு அவரைத் திட்டத் தோன்றவில்லை. நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கட்டுரையை என் கண் முன்னாலேயே அழித்தார், கீழே இருந்த கமெண்டும் அதோடு போனது. அழித்த கையோடு உற்சாகமாகிவிட்டார். "இதை இப்படியே விடப்படாது. நானே எழுதறேன். லலிதா எப்பேர்ப்பட்டவ, எத்தனை வருஷமா விரதம் இருக்கா, எல்லாத்தையும் விஸ்தாரமா, பேரைப் போட்டு, (அ)விலிருந்து..."

"மாமா!" எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேண்டாம் மாமா. நல்லதா ஒரு வார்த்தைகூட எழுதாதீங்கோ. அவளை விட்டுடுங்கோ."

"நல்லதுதானே எழுதப் போறேன்?"

"நானும் நல்லதுதான் மாமா எழுதினேன்."

காபி வந்தது. குடித்துவிட்டுக் கிளம்பும்போது வாசல் வரை வந்து, ஃப்ரெஷ் பேட்ச் போட்டால் ரெண்டு பாட்டில் எடுத்து வைக்கச் சொன்னார். பேட்ச் போட ஆள் இல்லை என்று நான் சொல்லவில்லை.

6. வாயை மூடுகிற தொழில்நுட்பம்

அன்றைக்கே போய் எல்லா விளக்கங்களையும் அழித்தேன். ஒரே அறிவிப்பு எழுதி, பக்கத்தின் மேலேயே நிற்கிற மாதிரி 'பின்' செய்தேன்: "ஏகாதசியன்று அந்த வீடியோ வந்தது எங்கள் தவறு. இனி நாள் பார்த்துப் போடுவோம்." இதை ஞாயிற்றுக்கிழமையே செய்திருந்தால் இந்தக் கட்டுரையின் மற்ற பக்கங்கள் தேவைப்பட்டிருக்காது.

கமெண்டுகள் வந்துகொண்டே இருந்தன. பதில் போடவில்லை. இது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று சேல்ஸில் இருந்தவர்களுக்குத்தான் புரியும். விரல் தானாகப் போகும். ஸ்டெல்லாவிடம் ஃபோனைக் கொடுத்துவிட்டுப் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்ட உட்கார்ந்தேன். கோணலாக ஒட்டியதால் அவள் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். நான் எதுவும் போடாததால், திட்ட வருகிறவர்களுக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. அவர்கள் வேறு யாரையோ தேடிப் போனார்கள். பாவம், அவர் யாரோ.

ஆனால் அக்கா வரவில்லை, என் ஃபோனையும் எடுக்கவில்லை. பழைய ஸ்டாக் தீர்ந்தது. 'ஸ்டாக் இல்லை' என்று ஒரு கார்டு போட்டேன். ஸ்டெல்லா காலி பாட்டில்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்தாள், மறுநாளும் அதையே கழுவினாள். மற்ற பெண்களில் ஒருத்தி மன்னார்புரத்தில் ஒரு கடையில் வேலை இருக்கிறதாம் என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

அப்போதுதான் சென்னையிலிருந்து ஒரு யூடியூப் சேனல்காரர் கூப்பிட்டார். லட்சக்கணக்கில் பார்க்கிற சேனல்.

"சார், உங்க சைடு ஸ்டோரியை யாருமே கேக்கலையே சார். நாங்க கேக்கறோம். அக்காவையும் கூட்டிட்டு வாங்க. அவங்க ரெண்டு வார்த்தை பேசினா எமோஷனலா இருக்கும்."

எதிரில் ஸ்டெல்லா. மற்ற மூன்று பேரும் வேலை இல்லாததால் நான் பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் சைடு ஸ்டோரி தொண்டை வரை நிரம்பி நின்றது. எனக்கு அது எவ்வளவு நன்றாகச் சொல்ல வரும் தெரியுமா? எங்கே இழுக்க வேண்டும், எங்கே சிரிக்க வைக்க வேண்டும் என்பதுகூட மனசுக்குள் தயாராக இருந்தது.

"இல்லைங்க, வேண்டாம்" என்றேன்.

"ஏன் சார்? உங்களுக்குத்தானே நல்லது?"

"எங்கக்காவுக்கு இல்லைங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஸ்டெல்லா கையில் இருந்த பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தாள். "சார், உடம்பு நல்லாதானே இருக்கு?"

இனி, கடை போடப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது. முகத்தைக் காட்டுங்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் முகத்தை மட்டும் காட்டுங்கள். ஸ்கெட்யூல் போடும்போது உங்கள் ஊர்க் காலண்டரையும் பாருங்கள். தப்பு நடந்தால் ஒருதடவை சொல்லிவிட்டுச் சரக்கைக் கவனியுங்கள், ஏனென்றால் நீங்கள் கொடுக்கிற ஒவ்வொரு விளக்கமும் அவர்களுக்குப் புது ரீல். முக்கியமாக, உங்களைக் காப்பாற்றிக்கொள்ள வீட்டு மனுஷர்களைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். உங்களுக்கு விழுகிற அடிக்கு நீங்கள் சம்பளம் வாங்குகிறீர்கள். அவர்கள் வாங்கவில்லை.

இதெல்லாம் நான் முழுசாகக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். சேனல்காரரை வேண்டாம் என்று சொன்ன பெருமையைக் கால் மணி நேரம்கூட என்னால் வயிற்றில் வைத்திருக்க முடியவில்லை. பின்கட்டுக்குப் போய் அக்காவுக்கு ஃபோன் போட்டேன். அத்தனை நாளில் முதல்தடவையாக எடுத்தாள்.

"அக்கா, பெரிய சேனல் ஒண்ணு கூப்பிட்டான். உன்னையும் கூட்டிண்டு வரச் சொன்னான். முடியாதுன்னுட்டேன். இதைப் பத்தி எங்கயும் எழுதல்லை, ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல்லை, தெரியுமா?"

அக்கா சொன்னாள்:

"எங்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கலாம், நாளைக்கு வரேன்."